மீன் தொட்டியின் வடிவம்: இன்னும் மனதை உறுத்துவதைச் சொல்லுங்கள்

பொங்கோல்_புதுவீடு

பொங்கோலில் புது வீட்டின் சாவி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் நெட்டையாக ஒரு தொட்டி நிற்க வேண்டும் என்பது என் ஆசை. வட்டமாக இருந்தால் பையன் ஓடும்போது முட்டிக்கொள்ள மாட்டான் என்பது மனைவியின் வாதம். சென்ற சனிக்கிழமை சிராங்கூன் நார்த் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். 75 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி, மேலே விளக்கு, அடியில் பச்சைப் புல். விலை கேட்டேன். கடைக்காரர், எழுபது வயதிருக்கும் சீன அங்கிள், விலை சொல்லவில்லை. "சட்டைக் கையை மடி" என்றார். மடித்தேன். என் கையைப் பிடித்துத் தொட்டியின் வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டார். அக்குள் விளிம்பில் இடிக்கிறது, விரல் நுனி அடிக்கு அரைச் சாண் மேலேயே நின்றுவிட்டது. "அடியில் மீன் செத்துக் கிடந்தால் யார் எடுப்பது? உன் பெண்டாட்டியா?" என்றார். மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டோம். விற்க உட்கார்ந்திருக்கிறவர் ஏன் விற்காமல் அனுப்பினார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

செங்காங்_அக்கா

அங்கிள் உங்களைக் காப்பாற்றிவிட்டார் தம்பி. என்னை யாரும் காப்பாற்றவில்லை.

மகள் அடம்பிடித்து அக்ரிலிக் உருளை வாங்கினோம். குறுக்களவு 40, உயரம் 60, ஏறக்குறைய 75 லிட்டர். இருபது நியான் டெட்ரா. "இரண்டடித் தொட்டியில் பிடிக்கிற தண்ணீர்தானே இதிலும் பிடிக்கிறது" என்று வீட்டில் எல்லோருக்கும் கணக்குச் சொன்னவள் நான்தான். அதுதான் உறுத்துகிறது.

பள்ளி விடுமுறையில் ஒரு மதியம் காற்று மோட்டார் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. ஹாலில் ஏர்கான் கிடையாது, தண்ணீர் 30 டிகிரி. தேக்கா போய்த் திரும்பி வந்து பார்த்தால் இருபது மீனும் மேல்மட்டத்தில் வாயை நீட்டிக்கொண்டு நெருக்கியடித்து நிற்கின்றன, பந்திக்குக் கதவு திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி. கீழே அத்தனை தண்ணீரில் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் தொட்டியின் வாயை அளந்தேன். உருளையின் மேல்பரப்பு 1,257 சதுர சென்டிமீட்டர். அதே 75 லிட்டரை 60க்கு 30 நீள்சதுரத் தொட்டியில் ஊற்றினால் 1,800. காற்று அந்த வாய் வழியாகத்தான் தண்ணீருக்குள் இறங்குகிறது, லிட்டர் எத்தனை இருந்து என்ன? போதாக்குறைக்கு நம் ஊர் வெயில். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான்.

பாசி சுரண்டுவதைப் பற்றிக் கேட்காதீர்கள். தட்டையான காந்தத் துடைப்பான் வளைவில் ஒட்டாது. அக்ரிலிக்கில் கீறல் விழ ஒரு மணல் துகள் போதும்.

லோகான்_காலத்து_ஆள்

அக்கா, உயரம்தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். என்னைக் கவிழ்த்தது அகலம்.

2000களின் தொடக்கத்தில் ஊரே லோகான் என்கிற நெற்றி புடைத்த மீன் மேல் பித்துப் பிடித்து அலைந்தது நினைவிருக்கும். என் அண்ணன் மீனின் விலாவில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளில் நம்பர் தேடி 4டி (நாலு இலக்க லாட்டரி) எழுதுவார். ஒரு தடவைகூட விழுந்ததில்லை, அது வேறு கதை. லோகான் போனதும் அதே நாலடித் தொட்டியில் சிவப்பு அரோவானா விட்டேன். 120க்கு 45க்கு 45. நாலடி நீளம் இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். மீன் 50 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. 45 அகலத்தில் 50 நீள மீன் எப்படித் திரும்பும்? ஒவ்வொரு முறையும் மூக்கு ஒரு கண்ணாடியில் உரசும், வால் மறு கண்ணாடியில் மடங்கும். விருந்தாளிகள் "என்ன அழகாக வளைகிறது" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தொம்மென்று சத்தம். தொட்டியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, வாசலில் செருப்புகளுக்கு நடுவே கிடந்தது. துள்ளித் துள்ளி அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஐம்பது காசு அளவுக்குச் செதில்கள், தரை முழுக்க. மூடியைப் பாதிதான் போட்டிருந்தேன், அது என் தப்பு. ஆனால் வெளியே வரத் தோன்றியது அகலத்தால்தான் என்பேன்.

தோபாயோ_தேவதை

அரோவானா தவிர வேறு மீனே இல்லாதது போலப் பேசுகிறீர்கள். என் தேவதை மீனுக்கு மேல்துடுப்பு நுனியிலிருந்து கீழ்த்துடுப்பு நுனி வரை ஒரு சாண். நீளமும் அகலமும் நன்றாக இருக்கிறது என்று 30 உயரத் தொட்டியில் விட்டேன். கீழ்த்துடுப்பு கல்லில் இழுபட்டு நூல் நூலாகக் கிழிந்து தொங்கியது. அந்த மீனுக்கு வேண்டியிருந்தது உயரம்.

பிடோக்_அளவுகோல்

என் கதை சின்னது. மூன்றடித் தொட்டி, ஒரு மூலை 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தண்ணீரின் மேல்கோடு சாய்வாகத் தெரிந்தும் விட்டுவிட்டேன். சீனர்களின் ஏழாம் மாதம், அதாவது பேய் மாதம், நள்ளிரவில் டக்கென்று ஒரு சத்தம், கீழ்மூலையில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். விடியும்வரை வாளி வாளியாக இறைத்தோம்.

அதனால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் தரை. வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுத் தரை சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும் கணக்கில் கட்டப்பட்டது. இதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு, காதிலேயே போட்டுக்கொள்ளாதவர்களும் உண்டு. 36 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் அதன் அடியிலுள்ள தரையைச் சதுர மீட்டருக்கு 360 கிலோ அழுத்துகிறது, 60 ஆழம் என்றால் 600. தொட்டியை எத்தனை அடி நீட்டினாலும் இந்த எண் மாறாது, உயர்த்தினால்தான் மாறும். ஆகவே தொட்டியின் அடியை மட்டும் பார்த்தால் எந்தத் தொட்டியும் தேறாது. 150 என்பது தரை முழுக்கப் பரவும் பாரத்தை வைத்துச் சொல்வது. அதற்காக நெட்டைத் தொட்டியை ஹாலின் நட்டநடுவில் வைப்பதும், உத்தரம் ஓடுகிற சுவரோரம் நீளவாக்கில் வைப்பதும் ஒன்றாகிவிடாது. லோகான் அண்ணனின் நாலடித் தொட்டியில் விளிம்புவரை ஊற்றினால் தண்ணீரே 243 கிலோ. கண்ணாடி, கல், மேசை எல்லாம் சேர்ந்தால் 300ஐத் தாண்டும். சந்தேகம் இருந்தால் பொறியாளரைக் கேளுங்கள், கடைக்காரரை அல்ல.

அடுத்தது கண்ணாடி. தண்ணீர் பக்கச் சுவரைத் தள்ளுவதும் ஆழத்தைப் பொறுத்ததுதான், அதனால் உயரம் கூடினால் கனமான கண்ணாடி வேண்டும், விலையும் ஏறும். ஓரச்சட்டம் இல்லாத தொட்டி என்றால் அடியில் மெத்தைத் தாள் போடுங்கள். தண்ணீர் ஊற்றும் முன்பே நான்கு பக்கமும் மட்டப்பலகை வைத்துப் பாருங்கள், ஊற்றிய பிறகு நகர்த்தவே நகர்த்தாதீர்கள். அப்புறம் நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. குளோரினை மட்டும் முறிக்கிற மருந்தை ஊற்றினால் அம்மோனியா மிச்சம் நிற்கும், புட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இன்னொன்று, வாரம் ஒருமுறை

ஈசூன்_மருமகள்

அண்ணே, அனுப்பும் பொத்தானைத் தவறி அழுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று. அவர் கேட்டது தொட்டியின் வடிவம், நீங்கள் குளோரமின்வரை போய்விட்டீர்கள்.

எங்கள் வீட்டில் மாமியார் வாஸ்துப்படி வடகிழக்கு மூலை என்றார். பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி எட்டுச் சிவப்பு, ஒரு கறுப்பு என்றார். இரண்டையும் ஏற்றுக்கொண்டு ஒன்பது தங்கமீன்களை உருண்டைக் கண்ணாடிக் குடத்தில் விட்டோம். (பாவம்தான், தெரியும், திட்ட வேண்டாம்.) அந்த மூலையில் கிழக்குப் பார்த்த சன்னல். ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு ஏதோ தீயும் வாசம். ஊதுபத்தி என்று நினைத்து நான் பாட்டுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால், குடத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த தினசரிக் காலண்டரில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பழுப்புக் கோடு, ஓரத்தில் புகை. தண்ணீர் நிரம்பிய குடம் பூதக்கண்ணாடியாகி வெயிலைக் குவித்திருக்கிறது. கருகியது சரியாக நல்ல நேரம் போட்டிருந்த கட்டம்.

மீன்கள் இப்போது பெரிய நீள்சதுரத் தொட்டியில், எதிர்ச்சுவரோரம். தெற்கு மூலைக்கு மாற்றியதால் வீட்டுக்கு ஆகவில்லை என்று மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கருகிய தாளை மட்டும் கிழிக்கவே மாட்டேன் என்கிறார்.

பொங்கோல்_புதுவீடு

எல்லோருக்கும் நன்றி. மாஸ்கிங் டேப் வாங்கிவந்து சுவரோரத் தரையில் 60க்கு 45 ஒட்டிப் பார்த்தோம். பையன் கட்டத்துக்குள் குந்தி உட்கார்ந்து "நான்தான் மீன்" என்று ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கூரான மூலைகளுக்கு ரப்பர் ஒட்டித் தருகிறேன் என்றதும் மனைவியும் வட்டத்தை விட்டுவிட்டார். நேற்று மறுபடி அங்கிள் கடை. 60க்கு 45, உயரம் 36 என்றேன். சட்டைக் கையை மடிக்கச் சொல்லவில்லை, விலையைச் சொன்னார். குறைக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

லோகான்_காலத்து_ஆள்

மூடி சேர்த்துச் சொன்னீர்களா?