செக்குக் கூடத்தில் முதல் செயல்விளக்கம் நடத்தினேன்; இரண்டாவதை நடத்தத் தயக்கமாக இருக்கிறது

கேள்வி: புலியூர்ச் செக்கு

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான்கு ஆண்டுகளாக மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். வாகை மரத்தில் செய்த ஒரே ஒரு செக்கு. உதவிக்கு ஒரு பெரியவர், கணக்கு வழக்குக்கு என் மனைவி. அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமே இல்லை. கடையிலும் கேட்டதை அளந்து கொடுத்துக் காசு வாங்குவதோடு சரி.

"பாக்கெட் எண்ணெயைவிட உங்கள் எண்ணெய் ஏன் இவ்வளவு விலை?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண்ணெதிரே ஆட்டிக் காட்டலாம் என்று மனைவி சொன்னாள். 45 பேருக்குச் செய்தி அனுப்பினோம். வந்தவர்கள் 11 பேர், அதில் மூவர் எங்கள் உறவினர்கள். நாற்காலி வாடகை, தேநீர், சுண்டல் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் செலவு. அன்றைய விற்பனை 1,900.

நான் எழுதி வைத்திருந்த ஒன்பது பக்கத்தையும் படிக்க ஆரம்பித்தேன். செக்கின் பெருமை, முன்னோர்களின் உணவு என்று போய்க்கொண்டிருந்தது. பத்தாவது நிமிடத்தில் எல்லாரும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. செக்கு நின்றது, மின்விசிறி நின்றது, நானும் நின்றுவிட்டேன். எங்கள் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் உரலுக்குள் கைவிட்டு, பாதி அரைபட்ட மல்லாட்டை (நிலக்கடலை) பருப்பை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி வைத்து, "பிழிந்து பாருங்கள்" என்றார். விரல் இடுக்கில் எண்ணெய் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது. அதுவரை உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து உரலைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒரு சிறுமி தன் கையில் வழிந்ததைத் தலையில் தடவிக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுதியிருக்க மாட்டேன். மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, "உன் எண்ணெயில் வடை சுட்டால் நுரை பொங்கி வாணலியே தெரிவதில்லை, என்ன கலக்கிறாய்?" என்று கேட்டார். "சுத்தமான எண்ணெய் அப்படித்தான் பாட்டி" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "அப்படியானால் போன மாதம் ஏன் பொங்கவில்லை?" என்றார். என்னிடம் பதில் இல்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து ஆட்டக் கணக்கு நோட்டைப் புரட்டினேன். வழக்கமாக மூன்று நாள் வெயிலில் தெளியவைப்போம். ஐப்பசி மழையில் வெயிலே இல்லை. தீபாவளி வியாபாரத்துக்கு அவசரப்பட்டு ஒரே நாளில் வடிகட்டிப் புட்டியில் அடைத்திருக்கிறேன். பாட்டி சொன்னது சரி.

இனி இப்படிக் கூட்டம் நடத்தலாமா? பேச்சு வராதவன் இதில் இறங்குவது சரியா? என் குறையை நானே ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டது போல மனம் கனக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வில்லியனூர் மண்வாசம்

தம்பி, உங்கள் மின்சாரம் நின்ற நேரத்தில்தான் உங்கள் நிகழ்ச்சி தொடங்கியிருக்கிறது. அந்தப் பெரியவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் புதுச்சேரி வில்லியனூரில் சுடுமண் பட்டறை வைத்திருக்கிறேன். விளக்கு, பூந்தொட்டி, கோப்பை செய்கிறோம். 2018இல் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு பேருக்குத் திருகை (மண்பாண்டம் வனையும் சக்கரம்) பயிற்சி நடத்தினேன். அதற்கு முன்பு காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தரையில் துணி விரித்து விற்றவள் நான். அங்கே எல்லாரும் பேரம் பேசுவார்கள். பேரம் தொடங்கும் முன்பே நான் விலையைக் குறைத்துவிடுவேன். விலை சொல்லும்போது குரல் தானாகவே இறங்கிவிடும்.

முதல் பயிற்சிக்கு லாஸ்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், திருகையில் மண்ணை நடுவில் நிறுத்த முடியாமல் நான்கு முறை சரியவிட்டாள். முழங்கை வரை சேறு. ஐந்தாவது முறை ஒரு கோணல் கிண்ணம் எழுந்தது. கையைக் கழுவிக்கொண்டு அலமாரியிலிருந்த என் கோப்பை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதற்கு வெறும் 180 ரூபாயா கேட்கிறீர்கள்?" என்றாள். என் வேலையின் மதிப்பை வேறொருவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். இப்போது அதே கோப்பை 320 ரூபாய். குரல் இறங்குவதில்லை. நீங்கள் விலைக்குக் காரணம் சொல்லப் போராடுகிறீர்கள். பத்துக் கிலோ பருப்பை எடைபோட்டுக் கொட்டுங்கள், கடைசியில் வந்த எண்ணெயை அவர்கள் எதிரிலேயே அளந்து காட்டுங்கள். நான்கு லிட்டரோ அதற்குச் சற்றுக் கூடவோ வருவதைப் பார்த்தவர்கள் பாக்கெட் விலையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியில் செய்ததை அன்றே யாரும் எடுத்துப் போக முடியாது. பத்து நாளாவது நிழலில் காய வேண்டும், பிறகு சூளை. ஒருமுறை எட்டு வயதுப் பையன் செய்த யானை சூளையில் வெடித்துவிட்டது. உள்ளே ஈரம் தங்கியிருந்தால் அப்படி ஆகும், சூளையில் வைக்கும் முன் நன்றாகக் காய்ந்ததா என்று நான் கவனித்திருக்க வேண்டும். பயந்துபோய், அதே மாதிரி ஒரு யானையை நானே செய்து சுட்டு வைத்தேன். பையன் வந்து கையில் வாங்கினான். யானையின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தான். "அக்கா, இங்கே என் கட்டைவிரல் பள்ளம் இருந்ததே" என்றான்.

உடைந்த துண்டுகளைக் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்து அவனிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவன் அந்தக் கட்டைவிரல் பள்ளம் இருந்த துண்டைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போனான். இன்று ஒவ்வொரு பயிற்சியிலும் உடைந்தவற்றை ஒரு தட்டில் முதலிலேயே வைத்து, எது ஏன் உடைந்தது என்று சொல்லிவிட்டுத்தான் திருகையைத் தொடுகிறேன். அந்தத் தட்டு வந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. ஒன்பது பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். நோட்டைக் கொண்டுபோய் அந்தப் பாட்டியிடம் காட்டுங்கள்.

பதில் 2: முந்திரிக்காடு

நான் பண்ருட்டிப் பக்கம். 2011 தானே புயலில் எங்கள் முந்திரி மரங்கள் போன பிறகு, வாங்கி வறுத்து விற்கும் தொழிலுக்கு வந்தவன். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன், மனம் தளர வைப்பதற்காக இல்லை. கூட்டம் சேர்வதும் கைதட்டலும் பிடித்துப்போய் ஒரே ஆண்டில் 14 நிகழ்ச்சிகள் நடத்தினேன். மைக், பந்தல், விருந்தினர், சால்வை. அந்த ஆண்டு வறுவலில் கவனம் போய் இரண்டு பெரிய கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டன. இப்போது ஆண்டுக்கு மூன்றுதான். தொழில் நடக்கும் இடத்திலேயே, தொழில் நடக்கும் நேரத்திலேயே வையுங்கள். வெளியே மண்டபம் பிடிக்க வேண்டாம்.

நபருக்கு 100 ரூபாய் வாங்குங்கள். அதை அன்றைய எண்ணெய் விலையில் கழித்துக் கொடுங்கள். இலவசமாக அழைத்த 45 பேரில் 11 வந்தார்கள் என்றீர்கள். பணம் கட்டிய 15 பேர் வந்தால் போதும். தைப்பூசத்தன்று வைத்துவிடாதீர்கள், பாதிப் பேர் வடலூரில் இருப்பார்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

வடலூர் என்றதும் ஒன்று. 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. போகிறவர்களை முதலில் உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள். உங்கள் சுண்டலைப் பற்றிப் படிக்கும்போது இது தோன்றியது. முதலில் கொடுங்கள்.

பதில் 3: சிதம்பரம் பக்கத்து ஆசிரியர்

உணவுத் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்றவன். நுரை பற்றிச் சொல்கிறேன். செக்கில் ஆட்டிய எண்ணெயில் லெசித்தின் போன்ற பசைத்தன்மையுள்ள பொருள்கள் இயற்கையாகவே இருக்கும். ரீஃபைண்ட் எண்ணெயில் அவற்றைப் பிரித்து நீக்கிவிடுகிறார்கள். ஆகவே உங்கள் எண்ணெய் ஓரளவு நுரைக்கத்தான் செய்யும். ஆட்டும்போது தெளிக்கும் தண்ணீரின் ஈரமும், அடியில் படியாத கசண்டும் தங்கிவிட்டால் நுரை மிக அதிகமாகும். நீங்கள் சொன்ன பதிலில் பாதி சரி, பாட்டி கேட்டது மீதிப் பாதி. நாற்பது ஆண்டு சமையல் செய்தவருடைய கண் நல்ல கருவி, ஐயா. வகுப்பில் "எனக்குத் தெரியாது, நாளை சொல்கிறேன்" என்று நான் முதன்முதலாகச் சொல்வதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அடுத்த நாள் தயாராகிப் போன பாடம் இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

மழைக்காலத்துக்கு வழி கேட்டால், வெயிலை நம்பாமல் உயரமான எவர்சில்வர் கலனில் கூடுதல் நாட்கள் அசையாமல் வைத்து, மேலிருந்து வடித்து எடுங்கள். ஒவ்வொரு புட்டியிலும் ஆட்டிய தேதியோடு தெளியவைத்த நாட்களையும் எழுதுங்கள்.

மறுமொழி: புலியூர்ச் செக்கு

அக்கா, ஐயா, பண்ருட்டி அண்ணா, மூவருக்கும் நன்றி. அக்கா சொன்னதைப் படித்த மறுநாளே நோட்டையும், ஐந்து நாள் தெளியவைத்த ஒரு புட்டியையும் எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் போனேன். வாசலில் நின்றபடியே, "பாட்டி, தப்பு என்னுடையது" என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. அவர் நோட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்த வாரத்து வரிகளை விரல் வைத்துப் படித்தார். "எழுதி வைத்திருக்கிறாயே" என்றார். அந்த மழை வாரத்துப் புட்டிகளை வாங்கிய 23 பேருக்கும் தொலைபேசியில் பேசினேன். நால்வர் மாற்றிக்கொண்டார்கள்.

தைப்பூசம் கழிந்த ஞாயிறு, காலை எட்டு மணி, செக்குக் கூடத்திலேயே, 15 பேர். பேச்சுத் தாள் கிடையாது. ஒரு நாள் தெளிந்தது, மூன்று நாள் தெளிந்தது, ஐந்து நாள் தெளிந்தது என்று மூன்று வாணலிகளில் பக்கத்துப் பக்கத்தில் காய்ச்சிக் காட்டப் போகிறோம். பாட்டி வர ஒப்புக்கொண்டார். மாவு அவரே அரைத்துக்கொண்டு வருவாராம், வாணலியில் நான் கை வைக்கக் கூடாதாம்.