மறுமொழி: மையலின் நீக்கமா, அழிவா, அழிப்பா?

ஐயா, வணக்கம்.

மையலின் என்பது நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்புறை. அது அழிவதற்கும் (demyelination) மறுபடி உருவாவதற்கும் (remyelination) நீங்கள் முன்வைத்த 'மையலின் நீக்கம்', 'மையலின் சீரமைப்பு' இரண்டையும் என் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை.

நீங்குவது வேறு, நீக்குவது வேறு. 'நீக்கம்' என்றால் யாரோ கைவைத்து எடுத்ததாகத் தொனிக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடலின் எதிர்ப்புச் செல்களே மையலினைத் தாக்குகின்றன. ஆய்வகத்தில் கதை வேறு. சுண்டெலித் தீவனத்தில் குப்ரிசோன் என்ற வேதிப்பொருளை 0.2 விழுக்காடு கலந்து 5, 6 வாரம் கொடுத்தால், மையலினை உண்டாக்கும் ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் மடிகின்றன. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக்கற்றை மையலினை இழக்கிறது. இதைச் செய்வது நாம். தானாக நடந்தால் 'மையலின் அழிவு', நாம் செய்தால் 'மையலின் அழிப்பு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழ் பிரித்துக் காட்டும்போது அதை ஏன் விட வேண்டும்?

'சீரமைப்பு' இன்னும் சிக்கல். குப்ரிசோனை நிறுத்தி வழக்கமான தீவனத்துக்கு மாற்றினால் சில வாரங்களில் மையலின் மறுபடி சுற்றிக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புது உறை மெல்லியதாகத் தெரியும், உள்ளிருக்கும் நரம்பிழையான ஆக்சானின் பருமனுக்கு ஈடாக இருக்காது. அந்த மெலிவை வைத்துத்தான் எது புதிது என்றே கண்டுபிடிக்கிறார்கள். சீராகிவிட்டது என்று எழுதினால் இந்தச் செய்தியே மறைந்துபோகும். 'மையலின் மீளாக்கம்' போதும். 'மீளுறைவு' என்று சுருக்கிப் பார்த்தேன்; இரத்த உறைவு குறுக்கே வந்தது, விட்டுவிட்டேன்.

ஷிவரர் (shiverer) என்ற மரபணுக் குறையுள்ள சுண்டெலிக்குத் தனிச்சொல் வேண்டும். மையலின் அடிப்படைப் புரதத்துக்கான மரபணுவில் பெரும்பகுதி அதற்குக் கிடையாது. அதன் மூளையில் மையலின் சரிவர உருவாவதே இல்லை, இருந்து அழிந்ததல்ல. 'மையலின் ஆக்கக்குறை' என்கிறேன்.

அப்புறம், நோயை ஆராய உதவும் விலங்கைக் (animal model) குறிக்கும் 'விலங்கு மாதிரி'. இதை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். 'சுண்டெலி மாதிரியில் மீளாக்கம்' என்று எழுதினால் படிப்பவர் 'சுண்டெலியைப் போல' என்றே எடுத்துக்கொள்வார். 'நோய்மாதிரி விலங்கு' என்று திருப்பிப் போட்டால் குழப்பம் தீரும். ஆனால் குப்ரிசோன் எலிக்கு அந்தச் சொல்லும் சற்று அதிகம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நடப்பதுபோல் எதிர்ப்புச் செல்களின் தாக்குதலால் அங்கே மையலின் போகவில்லை. அதற்கு மட்டும் 'மையலின் அழிப்பு எலி' என்று எழுதி வருகிறேன். உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?