வீட்டுத்தோட்டம் போடுவதற்கு உண்மையான காரணம் என்ன? ஏன் பாதியில் விடுகிறார்கள்?

தொட்டிச்செடி: நகரத்தில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களைக் கேட்டால் "மருந்தடிக்காத காய்", "செலவு மிச்சம்" என்று இரண்டே பதில்தான். ஆனால் தொட்டி, மண்கலவை, மண்புழு உரம், தெளிப்பான் என்று வாங்கிக் குவித்ததைக் கணக்குப் பார்த்தால் முதல் வருடத் தக்காளி கடைத் தக்காளியைவிட விலை கூடத்தான் வரும். பிறகு ஏன் செய்கிறார்கள்? பலர் முதல் மாவுப்பூச்சியோடு கடையைக் கட்டிவிடுவது ஏன்?

வெயில்பக்கம்: தொடங்க வைப்பது பெரும்பாலும் பயம். 2020 ஊரடங்கில் சில நாடுகளில் விதை நிறுவனங்கள் சமாளிக்க முடியாமல் புது ஆர்டரையே கொஞ்ச நாள் நிறுத்தின. அப்போது யார் லாபக் கணக்குப் போட்டார்கள்? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க மக்களே போட்ட 'வெற்றித் தோட்டங்கள்' சுமார் 2 கோடி இருந்தன, போர் முடிந்ததும் பெரும்பாலானவை காணாமல் போயின. பயத்தில் தொடங்கியது பயம் தீர்ந்ததும் நின்றுவிடும், அவ்வளவுதான்.

விதைப்பெட்டி: பயம் மட்டும் இல்லை. நார்ட்டன், மோச்சன், ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012இல் எழுதிய 'ஐக்கியா விளைவு' ஆய்வு இதற்கு நன்றாகப் பொருந்தும் (ஐக்கியா என்பது வாங்குகிறவரே பூட்டிக்கொள்ளும் மரச்சாமான் விற்கும் நிறுவனம்). தன் கையால் செய்த பொருளுக்கு ஆள் கூடுதல் மதிப்புப் போடுகிறார், ஆனால் வேலை முடியாமல் போனால் அந்தக் கூடுதல் மதிப்பு வருவதில்லை. அவர்கள் சோதித்தது ஐக்கியா பெட்டி, காகித மடிப்பு, லெகோ பொம்மைதான், செடி இல்லை, இருந்தாலும் உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் அதிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காய்த்த தக்காளிக்கு விலையே கிடையாது. பூக்கும் முன்னே பட்டுப்போன செடியோ வெறும் தொட்டிச் செலவு. விதையிலிருந்து தக்காளி பறிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், புதிதாக வருகிறவரை அவ்வளவு நாள் காக்க வைத்தால் ஓடத்தான் செய்வார். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள்ளும் முள்ளங்கி ஒன்றரை மாதத்துக்குள்ளும் கைக்கு வந்துவிடும், அதில் தொடங்கச் சொல்லுங்கள். (பொருள் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், பெரிய கிட்டில்தானே அவர்களுக்குக் காசு.)

நிழல்வலை: செலவு மிச்சமே இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதினா, துளசி மாதிரி வாசனை இலைகளைக் கட்டாக வாங்கி நாலு இலை கிள்ளிவிட்டு மிச்சத்தை அழுக விடுகிறோமே, அங்கே ஒரு தொட்டி போதும், போட்ட காசு திரும்பிவிடும். தக்காளி, கத்தரிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது இல்லாத பால்கனியில் வைத்துவிட்டு "எனக்குக் கைராசி இல்லை" என்று விடுகிறவர்கள்தான் பாதிப் பேர்.

தொட்டிச்செடி: சரி, கைராசி என்று சொல்கிறவர்களிடம் இனி வெயில் எத்தனை மணி நேரம் என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன். வாசனை இலைக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், தக்காளிக் கணக்கை இல்லை.