எத்தனால் ஆலைக்குப் போகும் மக்காச்சோளம்: யூரியா போட்டும் இலை மஞ்சள், கதிர் நுனி காலி. உதவி தேவை

கரிசல் உழவன்:
வணக்கம். பெரம்பலூர் மாவட்டம், கரிசல் மண், கிணத்துப் பாசனம். புரட்டாசியில ஒரு ஏக்கர் வீரிய ஒட்டு மக்காச்சோளம் விதைச்சேன். இப்ப 32 நாள் பயிர். அடியுரமா டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) ஒரு மூட்டை, 25ஆம் நாள் யூரியா ரெண்டு மூட்டை போட்டாச்சு. பொட்டாஷ் போடல.

தாழ்வான பக்கம் போன வார மழைத் தண்ணி நின்னுச்சு. அங்க அடியிலை நுனியில ஆரம்பிச்சு நடுநரம்பு வழியா மஞ்சள் உள்ள இறங்குது, ஓரம் மட்டும் பச்சை. மேட்டுப் பக்கம் குருத்திலையில நடுநரம்புக்கு ரெண்டு பக்கமும் வெளிர் பட்டை. போன வருஷமும் இதே உரம்தான். ஆண் பூ வர்றப்பவே அடியிலை காஞ்சு, கதிர் நுனியில ரெண்டு விரற்கடைக்கு மணியே பிடிக்கல.

எங்க வியாபாரி சரக்கை எத்தனால் ஆலைக்குத்தான் அனுப்புறார். உரக்கடையில "இன்னொரு மூட்டை யூரியா போடுங்க, மாவு ஏறும்"னு சொல்றாங்க. போடலாமா?

செம்மண் தோட்டம்:
முதல்ல தண்ணிய வடிச்சுட்டீங்களா? ஈரம் நிக்கிற வயல்ல யூரியா போட்டா காசு தண்ணியிலதான்.

மண்வளம்_திருச்சி:
அண்ணே, நீங்க சொல்ற ரெண்டும் ரெண்டு வேற குறை.

தாழ்வுப் பக்கம் தழைச்சத்துக் (நைட்ரஜன், யூரியாவுல இருக்கிறது) குறை. பயிர் அடியிலையில இருக்கிற சத்தை உருவி மேல குருத்துக்கு அனுப்பும், அதனால மஞ்சள் கீழேயிருந்து வரும். தண்ணி நின்னா மண்ணுல காத்தோட்டம் போயி, தழைச்சத்து வாயுவா மாறிப் பறந்துடும்.

மேட்டுப் பக்கம் துத்தநாகக் குறை. இது குருத்துலதான் முதல்ல தெரியும். சுண்ணாம்பு கலந்த கரிசல்ல துத்தநாகம் வேருக்குக் கிடைக்காம மாட்டிக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமா விழுந்தா இன்னும் மோசமாகும். பத்து லிட்டர் டேங்குக்கு துத்தநாக சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம் கலந்து சாயங்காலம் அடிங்க. அதுல டிஏபி கலக்காதீங்க, திரிஞ்சுடும். அடுத்த போகத்துல ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை அடியுரம் போடுறப்பவே, டிஏபியோட கலக்காம தனியா போட்டுடுங்க.

கணக்குக்கு வர்றேன். வீரிய ஒட்டுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டருக்கு 250:75:75 கிலோ. அதாவது ஏக்கருக்கு தழைச்சத்து 100 கிலோ, மணிச்சத்து 30, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 30. நீங்க போட்டதைக் கூட்டினா (டிஏபியில 9, 90 கிலோ யூரியாவுல 41) தழைச்சத்து 50 கிலோதான் வருது. பாதி. பரிந்துரையில கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், கால் பங்கு 45ஆம் நாள். போன வருஷம் உங்களுக்கு அந்த 45ஆம் நாள் பங்கு விழவே இல்ல. பூ எடுத்து மணி பிடிக்கிற நேரத்துல பயிர் பட்டினி கிடந்துச்சு. நுனி காலியா போனதுக்கு இதுதான் முதல் காரணம்னு நான் நினைக்கிறேன். அந்த நேரத்துல வெயிலும் வறட்சியும் இருந்தாலும் நுனி நிரம்பாது, அதையும் பாத்துக்குங்க.

கரிசல் உழவன்:
ரொம்ப நன்றிங்க. அப்ப பாக்கி 50 கிலோ தழைச்சத்தையும் இப்பவே போட்டுடலாமா?

மண்வளம்_திருச்சி:
வேண்டாம். ஈரம் வடிஞ்சதும் ஒரு மூட்டை யூரியா, 45ஆம் நாள் ஒண்ணேகால் மூட்டை. செடிக்கு ஒரு சாண் தள்ளி வச்சு மண் அணைங்க. மண்ணு மேல விசிறிவிட்டா அம்மோனியாவா போயிடும். 45ஆம் நாள் யூரியாவோட அரை மூட்டை பொட்டாஷும் சேருங்க, தண்டு சாயாம நிக்கும்.

வாகரை பக்கம்:
பொட்டாஷ் விஷயத்துல எனக்கு வேற கருத்து. கரிசல்ல சாம்பல் சத்து பொதுவா நல்லாவே இருக்கும். யூரியா மூட்டை 266 ரூபா சொச்சம், பொட்டாஷ் 1,500க்கு மேல. மண் பரிசோதனை பாக்காம அந்தக் காசை ஏன் போடணும்? வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ணைக் கொடுத்துப் பாருங்க.

மண்வளம்_திருச்சி:
நியாயம்தான். பரிசோதனை வந்தா அதுதான் முடிவு.

ஆலை_சரக்கு:
மாவு ஏறும்ங்கிற பேச்சுக்கு மட்டும் பதில் சொல்றேன். தழைச்சத்து கூடக் கூட மணியில ஏறுறது புரதம், மாவுச்சத்தோட பங்கு கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனா ஏக்கருக்கு மகசூல் கூடுறதால மொத்த எத்தனால் கூடும். தேவையான அளவைத் தாண்டினா அதுவும் நின்னுடும். ஒரு டன் மக்காச்சோளத்துல சுமாரா 370, 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். புரதம் சக்கையில தங்கி மாட்டுத் தீவனமா, கோழித் தீவனமா போகுது. அதனாலதான் பூஞ்சை பிடிச்ச மணி வேண்டாங்கிறது. பூஞ்சை நஞ்சு சக்கையில மூணு மடங்கு அடர்த்தியாகும். உங்க கையில இருக்கிறது ஈரத்தை 14 சதவீதத்துக்குக் காயவைக்கிறது, அதுல கவனம் வையுங்க.

இன்னொண்ணு. வீணாகிற யூரியாவுல ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடா மாறுது. கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு சூடேத்துற வாயு அது. பெட்ரோலைக் குறைக்கத்தான் எத்தனால் கலக்குறோம். வயல்லயே அந்த லாபத்தைத் தொலைக்கக் கூடாது.

கரிசல் உழவன்:
தண்ணிய வடிச்சு, துத்தநாகம் அடிச்சாச்சு. புதுசா வந்த குருத்துல பட்டை இல்ல. பட்டை விழுந்த பழைய இலை அப்படியேதான் இருக்கு. மேஸ் மேக்சிம் (வேளாண் பல்கலைக்கழகத்தோட பயிர் ஊக்கி) அடிக்கலாமாங்க?

வாகரை பக்கம்:
பழைய இலை மாறாது, குருத்தைப் பாத்தா போதும். மேஸ் மேக்சிம் ஏக்கருக்கு 3 கிலோ, 200 லிட்டர் தண்ணியில. ஆண் பூ வர்றப்ப ஒரு தரம், மணி பால் பிடிக்கிறப்ப ஒரு தரம். ஆனா 45ஆம் நாள் யூரியாவுக்கு அது மாத்து இல்ல, அதைப் போட்டுட்டு இதுக்கு வாங்க.