சீனப் பேரரசி உடைப் பொம்மைகள்: கைக்கு வந்ததும் எதைப் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது (மூன்று பேர் எழுதிய குறிப்புகள்)

பட்டுப்பெட்டி:

பார்பியின் 'கிரேட் ஈராஸ்' வரிசையில் 1990களில் வந்த சைனீஸ் எம்ப்ரஸ் போன்றவை இப்போது பெரும்பாலும் பெட்டி பிரிக்காத பழைய சரக்காகத்தான் கிடைக்கின்றன. பெட்டி பிரியவில்லை என்றால் உள்ளே புதுசு என்று அர்த்தமில்லை. மூடிய பெட்டிக்குள் வினைலும் (பொம்மை செய்யும் மென்மையான பிளாஸ்டிக்) உலோகமும் சாயத் துணியும் வருஷக்கணக்கில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தொடும் இடங்களில்தான் கெடுதல் தொடங்கும்.

முதலில் காது. கம்மலின் தண்டில் செம்பு கலந்திருந்தால் அது வினைலுக்குள் ஊறிப் பச்சை படரும். தலையணியும் தொங்கட்டானும் மறைத்துக்கொண்டிருக்கும், விலக்கிவிட்டு காதின் பின்பக்கம் பாருங்கள். பச்சை இருந்தால் கம்மல் வெளியே வந்தாக வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் 10 நிமிடம் வைத்தால் வினைல் இளகும். அப்புறம் மெல்லிய குறடால் நேராக இழுக்கணும். திருகினால் துளை கிழியும்.

பச்சையைப் போக்க, மெடிக்கல் ஷாப்பில் பருவுக்குக் கொடுக்கும் பென்சாயில் பெராக்சைடு ஜெல் 5% போதும். ஒரு அரிசி மணி அளவு எடுத்து, பச்சை உள்ள இடத்தில் மட்டும் தடவி, மேலே கிளிங் ஃபிலிம் (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, வெயிலில் 3–4 மணி நேரம் வையுங்கள். துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். ஒரே நாளில் போகாது, பல நாள் பிடிக்கும். பொறுமையில்லாமல் ஜெல்லை அப்பினால் சுற்றியுள்ள தோல் நிறமும் வெளுத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. துணியையும் அது வெளுக்கும் என்பதால் அங்கியைக் கழற்றிவிட்டே வேலையை ஆரம்பியுங்கள். பழைய தண்டைத் திரும்பக் குத்த வேண்டாம். கம்மலை நைலான் இழையில் கோத்து மாட்டலாம்.

அடுத்து சாயம். சிவப்பு, கருநீல உட்துணிதான் காலில் கறை ஏற்றும். ஈரமான காது பட்ஸை உள்தையலில் 30 விநாடி அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் அந்த உடை தண்ணீரே பார்க்கக்கூடாது. தூசிக்கு மென்மையான தூரிகை மட்டும்தான். ஜரிகை இருந்தால் வினிகர், எலுமிச்சை என்று எதுவும் வேண்டாம். பூச்சு உரிந்து உள்நூல் தெரியும்.

நூல்கண்டு:

உடையைப் படிப்பது பற்றி. "பழங்காலச் சீன ராணி" என்ற ஒரே பெயரில் மிங், சிங் என்ற இரண்டு அரச வம்சங்களின் உடையையும் கலந்து விற்கிறார்கள். தொளதொளவென்று அகன்ற கையும் பீனிக்ஸ் கிரீடமும் மிங். கிரீடம் எப்படி இருந்தது என்பதற்கு 1950களில் பெய்ஜிங் அருகே டிங்லிங் கல்லறையில் தோண்டி எடுத்தவையே சாட்சி. குதிரைக் குளம்பு போல வளைந்த கைமுனையும் வலப்பக்கம் மூடும் மேல்மடிப்பும் சிங் (1644–1912).

சிங் அங்கி என்றால் டிராகனை எண்ணுங்கள். மொத்தம் ஒன்பது. மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று, தோளில் இரண்டு, கீழே முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒன்பதாவது மேல்மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அதனால்தான் முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் ஐந்து வரும். டிராகனின் காலுக்கு நகம் ஐந்தா என்றும் பாருங்கள். ஆலையில் அச்சிட்ட துணியில் டிராகன் தையலில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தால், துணியை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல வேலையில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி அச்சு இருக்கும்.

பிரகாசமான மஞ்சள் பேரரசர், பேரரசி, பேரரசரின் தாய் ஆகியோருக்கு உரியது. காதுக்கு மூன்று கம்மல், சிங் அரசர்களின் இனமான மஞ்சு மக்களின் வழக்கம், பொம்மையில் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். தலையில் அகலமாக நிற்கும் கறுப்புப் பலகை அலங்காரம் அன்றாட உடைக்கானது. டிராகன் அங்கிக்கு அதை வைப்பது பொம்மைத் தயாரிப்பில் அடிக்கடி நடக்கும் பிழை. அழகாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் பிழைதான்.

ஆறில்ஒன்று:

நூல்கண்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கணும்: பெண்கள் அங்கியில் கைநடுவே கூடுதலாக ஒரு டிராகன் பட்டை வரும். ஆண் பொம்மையின் அங்கியை மாட்டி விற்கிறார்களா என்று கண்டுபிடிக்க அதுவே போதும்.

அரசவை மணிமாலை தொலைந்த பொம்மைகள்தான் அதிகம். செய்துகொள்வது கஷ்டமில்லை. 1.5 மி.மீ. கண்ணாடிப் பாசிமணி 108, வேறு நிறத்தில் 2.5 மி.மீ. மணி 4. 27 மணிக்கு ஒரு பெரிய மணி என்று கோத்தால் சுற்றளவு சுமார் 17 செ.மீ. வரும். பெரிய மணிகளில் ஒன்று பிடரிக்கு நேராக உட்கார வேண்டும். அதிலிருந்து முதுகில் ஒரு நாடா தொங்கி, நடுவில் தட்டையான கல், நுனியில் துளி மணி. பக்கவாட்டில் பத்துப் பத்து மணியாக மூன்று குட்டிச் சரம் உண்டு. பெண்ணுக்கு அவள் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. ஆணுக்கு மாறி வரும்.

பிளாஸ்டிக் மணி வேண்டாம், எடையில்லாமல் விறைத்து நிற்கும். எலாஸ்டிக்கில் கோக்காதீர்கள், சில வருஷத்தில் இற்றுப்போய் மணி சிதறும். 0.2 மி.மீ. நைலான் இழை நல்லது. கொண்டையும் தலையணியும் இருக்கும்போது மாலை தலைவழியே போகாது. பிடரியில் திறந்து வைத்து, மாட்டிய பிறகு முடிச்சுப் போடுங்கள்.

டிராகன் அங்கிக்கு ஒரு மாலை. முழு அரசவை உடை என்றால் மூன்று, மற்ற இரண்டும் மார்பில் குறுக்காக.

பட்டுப்பெட்டி:

தலையணியைக் கழற்றலாமா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். ஆலையில் அதை 'T' வடிவ நைலான் ஊசியால் தலைக்குள் குத்திப் பொருத்தியிருப்பார்கள். இழுத்தால் வினைல் கிழியும், வெட்டினால் விலை இறங்கும். காதில் பச்சை ஏறி, தலையணி வழிமறித்தால் மட்டும் வெட்டுங்கள்.

நிறுத்தி வைக்க, இடுப்பைக் கவ்வும் கம்பி ஸ்டாண்டு வேண்டாம். பட்டில் விழுந்த அந்த அழுத்தம் இஸ்திரியில் போகாது. கவட்டையில் தாங்கும் ஸ்டாண்டை அங்கிக்குள்ளே விட்டால் வெளியே தெரியாது. சாயம் போகும் உட்துணிக்கும் காலுக்கும் நடுவே அமிலமில்லாத வெள்ளை டிஷ்யூ தாள் ஒரு சுற்று. பாலிதீன் பையில் கட்டி மூடாதீர்கள், வினைல் பிசுபிசுக்கும்.