சண்டைக்கும் மன வன்முறைக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது?

நிதானம்:
சென்ற வாரம் நெருங்கிய நண்பன் போன் செய்து அழுதான். மனைவியோடு சண்டை. முற்றியதும் இவன் வாய் திறக்காமல் இரவு முழுக்க வேறு அறையில் இருந்துவிட்டான். காலையில் அவள், "இதற்குப் பெயர் சைலண்ட் ட்ரீட்மெண்ட், நீ என்னை மனரீதியாக வதைக்கிறாய்" என்று சொல்லியிருக்கிறாள். கோபத்தில் தப்பாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்கிறான். நான் அவனை நம்புகிறேன்.

இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. மறந்துபோய் "நான் அப்படிச் சொல்லலையே" என்றால் கேஸ்லைட்டிங். கொஞ்சம் சுயநலமாக இருந்தால் நார்சிசிஸ்ட். எங்கே போனாய் என்று கேட்டால் கட்டுப்படுத்துகிறாய். அடி உதை கண்ணுக்குத் தெரியும், அதில் விவாதமே இல்லை. ஆனால் மனம் புண்பட்டது என்பதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கலாமா? இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்தால் மனம் புண்படத்தான் செய்யும். அதற்கெல்லாம் வன்முறை என்று பெயர் வைத்தால், நிஜமாகவே வதைபடுகிறவர் சொல்வது யார் காதிலும் ஏறாது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அகல்:
உங்கள் நண்பரை எனக்குத் தெரியாது, அவரைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். "அடி உதை கண்ணுக்குத் தெரியும்" என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். என் முதல் திருமணத்தில் ஒன்பது வருடம் ஒரு அடிகூட விழவில்லை.

குடையைப் பற்றிச் சொல்கிறேன். மழைநாளில் ஈரக் குடையை வாசலுக்கு வெளியே வைத்தேன். "யாராவது தூக்கிக்கொண்டு போகட்டும் என்றா?" அடுத்த முறை உள்ளே வைத்தேன். "தரையெல்லாம் ஈரம், கண் தெரியவில்லையா?" குளியலறையில் மாட்டினேன். "இங்கே யாராவது குடை மாட்டுவார்களா, உனக்கு என்ன ஆகிவிட்டது?" நீங்கள்தானே போன வாரம் உள்ளே வைக்கச் சொன்னீர்கள் என்றால், "நான் சொல்லவே இல்லை. உனக்கு ஞாபகம் தப்புகிறது, டாக்டரைப் பார்க்கலாம்." கத்த மாட்டார். தாழ்ந்த குரலில், எனக்காக வருத்தப்படுகிறவர் போலச் சொல்வார். கடைசியில் குடையே எடுக்காமல் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் நனைந்து வந்து, தெருமுனையிலேயே நின்று, ஏன் நனைந்தேன் என்று உள்ளே போய் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வயது 34. அலுவலகத்தில் பதினோரு பேர் என்னிடம் கேட்டு வேலை செய்தார்கள்.

நிதானம்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு நானும் தினம் திட்டு வாங்குகிறேன். சொன்னதை மறப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அவர் வேண்டுமென்றே செய்தார் என்பது எப்படித் தெரியும்? இரண்டு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியிருந்தால் சரியாகியிருக்காதா?

அகல்:
துண்டுக்குத் திட்டு வாங்கியதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? "சரி சரி, எடுக்கிறேன்" என்பீர்கள், இல்லாவிட்டால் திருப்பி ஒன்று சொல்வீர்கள். என்னால் அந்த இரண்டையும் செய்ய முடியவில்லை. பேசியும் பார்த்தேன். எனக்கு எது வலிக்கிறது என்று அழுதுகொண்டே சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து சரியாக அந்த இடத்தில் பார்த்துக் குத்தினார்.

கரைமேல்:
ஒரு உதவி எண்ணில் பல வருடம் தன்னார்வலராகப் போன் எடுத்தவள் நான். நிதானம் சொல்வதில் பாதி சரி. சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-லேயே இதைப் பிரித்துச் சொன்னார். ஒரு வகையில், சண்டை கைமீறி இருவரும் எல்லை தாண்டுகிறார்கள். இன்னொன்றில், ஒருவர் மற்றவரின் வாழ்க்கையையே தன் பிடிக்குள் கொண்டுவருகிறார். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மௌனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பதிகளை ஆய்வகத்தில் உட்காரவைத்து ஆராய்ந்த ஜான் காட்மன், சண்டையில் இதயத் துடிப்பு எகிறிவிட்டால் குறைந்தது 20 நிமிடமாவது விலகியிருங்கள் என்றுதான் சொல்கிறார். அது நல்லது. "இப்போது என்னால் முடியவில்லை, காலையில் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனால் அது ஓய்வு. எதுவும் சொல்லாமல் நாள்கணக்கில் முகம் திருப்பி, என்ன தப்பு செய்தோம் என்று எதிராளி கெஞ்சும்வரை காத்திருந்தால் அது தண்டனை. நண்பரிடம் ஒன்று கேளுங்கள், காலையில் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனாரா?

அப்புறம் குடை. கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப் படையினரிடம் பொய் வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்று ஆல்பர்ட் பிடர்மன் ஆராய்ந்து 1957-ல் ஒரு பட்டியல் போட்டார். மொத்தம் எட்டு உத்திகள். அடிப்பது அந்த எட்டில் ஒரு தலைப்பாகக்கூட இல்லை. தனிமைப்படுத்துவது, சோர்வடைய வைப்பது, இழிவுபடுத்துவது, இடையிடையே சலுகை காட்டுவது என்று போகிறது. அற்பமான கட்டளைகளுக்குக் கீழ்ப்படிய வைப்பதும் அதில் ஒன்று. குடும்ப வன்முறையில் வேலை செய்கிறவர்கள் அந்தப் பட்டியலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். குடை எங்கே இருக்க வேண்டும் என்பது அகல் வீட்டில் பிரச்சினையே இல்லை. எங்கே வைத்தாலும் தப்பாகும் என்பதுதான் விதி.

கேஸ்லைட்டிங் என்ற சொல் இங்கிலாந்தில் 1938-ல் மேடையேறிய ஒரு நாடகத்தின் பெயரிலிருந்து வந்தது. கணவன் யாருக்கும் தெரியாமல் மேல்தளத்தில் எரிவாயு விளக்கை ஏற்றுவான், கீழே விளக்கு மங்கும். மனைவி அதைக் கவனிப்பாள். ஆனால் அவளுக்குப் புத்தி பேதலிக்கிறது என்று நம்பவைக்கத்தான் அவன் முயன்றுகொண்டிருப்பான். வெறும் மறதிக்கு அந்தப் பெயர் பொருந்தாது, அதில் நிதானத்தோடு ஒத்துப்போகிறேன். "நீ பார்த்ததை நீயே நம்பாதே" என்று ஒருவரைப் படிப்படியாகக் கொண்டுபோவதற்குத்தான் அந்தப் பெயர்.

ஓரிழை:
நான் ஆண். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தினம் மாலை நாலு மணிக்கு அலுவலகத்திலிருந்து மனைவிக்கு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். பின்னால் சுவர்க் கடிகாரம் தெரிய வேண்டும். முதலில் "உன்னைப் பார்க்கணும் போல இருக்கு" என்று ஆசையாகத்தான் ஆரம்பித்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. பிறகு பக்கத்து மேஜை காலியாக இருந்தால், அங்கே உட்காருகிறவள் எங்கே என்று கேள்வி. ஒரு நாள் பேட்டரி தீர்ந்து கடிகாரம் மூன்றேகாலில் நின்றிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. கீழே ஓடிப்போய் பேட்டரி வாங்கி வந்து, நாற்காலி மேல் ஏறி மாற்றினேன். "குடுங்க சார், நான் மாட்டுறேன்" என்று உதவியாளர் கை நீட்டினார். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு அவர் எதுவும் கேட்கவில்லை.

யாரிடம் சொல்ல? ஒரு நண்பனிடம் சொன்னேன், "உன் மேல் அவ்வளவு பாசம்டா" என்றான். நல்ல நாட்களும் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களுக்காகத்தான் நான்கு வருடம் இருந்தேன்.

கரைமேல்:
ஓரிழை, எழுதியதற்கு நன்றி. "ஏன் அப்போதே வெளியே வரவில்லை" என்று யாராவது கேட்டால் நீங்கள் எழுதிய கடைசி வரியைக் காட்டுங்கள். கொடுமையும் கனிவும் மாறி மாறி ஒரே கையிலிருந்து வந்தால் பிணைப்பு இறுகத்தான் செய்கிறது என்று உளவியலாளர்கள் டட்டனும் பெயிண்டரும் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். அது உங்கள் பலவீனம் இல்லை.

நிதானம்:
ஓரிழை சொன்னதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. வதைக்கிறவரும் இதே சொற்களைக் கற்றுக்கொண்டு "நீதான் என்னை வதைக்கிறாய்" என்று சொல்லலாமே. இரண்டு பேரும் சொன்னால் யாரை நம்புவது? காயம் இல்லை, சாட்சி இல்லை. மனதில் நினைத்ததை எந்தச் சட்டம் அளக்கும்?

வழக்குக்கட்டு:
வழக்கறிஞர் என்ற முறையில் சட்டக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 2015-ன் கடுங்குற்றச் சட்டம் 76-ஆம் பிரிவு, நெருங்கிய உறவில் திரும்பத் திரும்ப நடக்கும் கட்டுப்படுத்தலையும் மிரட்டலையும் குற்றமாக்கியது. அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ஒரே ஒரு சண்டை அதில் வராது. பாதிக்கப்பட்டவருக்கு வன்முறை நேருமோ என்ற பயம் குறைந்தது இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும், அல்லது அவருடைய அன்றாட நடவடிக்கைகளையே பெரிதும் பாதிக்கும் அளவுக்குக் கடும் கலக்கம் உண்டாகியிருக்க வேண்டும். எதிராளி மனதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. விளைவு அவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டினால் போதும். ஸ்காட்லாந்தின் 2018 சட்டத்தில் தண்டனை 14 ஆண்டு வரை போகும்.

இந்தியாவின் 2005 சட்டம் வார்த்தையாலும் உணர்வாலும் செய்யும் கொடுமையைக் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது, ஆனால் அதன்படி பெண்ணுக்காகத்தான் மனு கொடுக்க முடியும். இலங்கையின் 2005 சட்டமும் உணர்வு ரீதியான கொடுமையை ஏற்கிறது, அங்கே ஆணும் பாதுகாப்பு கேட்கலாம். ஆதாரம் சேர்ப்பது கடினம் என்பது உண்மை. தேதியோடு எழுதிவைத்த குறிப்பு, குறுஞ்செய்தி, அந்த நேரத்தில் ஒரு தோழியிடம் சொன்னது, எல்லாமே உதவும்.

கரைமேல்:
"இரண்டு பேரும் சொன்னால்" என்று நிதானம் கேட்டது நியாயமான கேள்வி. மறுப்பது, எதிர்த்துத் தாக்குவது, தானே பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவது என்று இந்தத் திருப்பத்தை உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரேய்ட் 1997-ல் விவரித்திருக்கிறார். போனில் எனக்கும் அந்தக் குழப்பம் வந்ததுண்டு. யார் அதிகம் அழுகிறார்கள் என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். நான் வேறு மாதிரி கேட்பேன். ஒரு வருடத்துக்கு முன்பு செய்துகொண்டிருந்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள்? யாரோடு பேசுவதை நிறுத்தினீர்கள்? "வேண்டாம்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? ஒருவருடைய உலகம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கும். மற்றவருடையது அப்படியே இருக்கும்.

மறுகரை:
இந்தக் கேள்விகளுக்கு மறுபக்கத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியவன் நான். கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. அதனால் நல்ல கணவன் என்றே நம்பியிருந்தேன்.

ஒரு நாள் மேஜை இழுப்பறையில் எதையோ தேடும்போது ஒரு தாள் கிடைத்தது. மனைவியின் கையெழுத்து. அக்காவைப் பார்க்கப் போக வேண்டும் என்பதை என்னிடம் எப்படிக் கேட்பது என்று மூன்று விதமாக எழுதியிருந்தாள். இரண்டை அடித்துவிட்டு, மூன்றாவதுக்குக் கீழே "ஞாயிறு வேண்டாம், புதன் கேள்" என்று குறிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

நான் ஒருபோதும் "போகாதே" என்று சொன்னதில்லை. "போ, உன் இஷ்டம்" என்பேன். திரும்பி வந்ததும் மூன்று நாள் பேச மாட்டேன். நிதானம், நான் வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டால், அப்போது இல்லை என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். ஆனால் அலுவலகத்தில் யாரிடமும் அப்படி இருந்ததில்லையே. என்னால் அடக்க முடிந்திருக்கிறது. வீட்டில் அடக்கத் தேவையில்லை என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. தனியாக ஒரு ஆலோசகரிடம் இரண்டு வருடம் போனேன். அவள் இப்போது என்னோடு இல்லை. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை.

நிதானம்:
நேற்று நண்பனிடம் கேட்டேன், "காலையில் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாயா என்று. கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, இல்லை என்றான். இது முதல் முறையும் இல்லையாம், சில முறை நாலைந்து நாள் போயிருக்கிறதாம். என்னிடம் ஒரு இரவு என்றுதான் சொல்லியிருந்தான், நான் மேலே கேட்கவில்லை. அவள் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இதை வைத்து அவனைக் குற்றவாளி என்று நான் இன்னும் சொல்ல மாட்டேன். பிடிக்காதவரையெல்லாம் நார்சிசிஸ்ட் என்பது தப்பு, அது மருத்துவர் ஆராய்ந்து சொல்ல வேண்டிய நோய்க்கூறு என்பதிலும் மாற்றமில்லை. "உட்கார்ந்து பேசியிருந்தால்" என்று அகலிடம் கேட்டதை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

அகல்:
சரி. கேட்டதற்கு எனக்குக் கோபமில்லை. என் வீட்டாரே அதைத்தான் கேட்டார்கள்.

பெயர் வேண்டாம்:
இன்றுதான் உறுப்பினர் ஆனேன். கரைமேல் கேட்ட மூன்று கேள்விக்கும் மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்தேன், கை சில்லிட்டுவிட்டது. இந்தப் பக்கத்தைக் கணவரிடம் காட்டினால் புரிந்துகொள்வாரா? இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து கவுன்சிலிங் போகலாமா?

கரைமேல்:
காட்டாதீர்கள். பயம் இருக்கிற உறவில் சேர்ந்து போகிற கவுன்சிலிங்கும் இப்போதைக்கு வேண்டாம். அங்கே மனம் திறந்து சொன்னதற்கு வீட்டுக்கு வந்து விலை கொடுத்தவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். முதலில் தனியாக ஒருவரிடம் பேசுங்கள். பிரிகிற முடிவைச் சொல்லும் நேரமும் அதன் பிறகு வரும் நாட்களும்தான் பலருக்கு மிக ஆபத்தானவை, அதனால் எதையும் திட்டமில்லாமல் அவரிடம் அறிவிக்காதீர்கள். உங்கள் போனை அவர் பார்ப்பார் என்றால் குறிப்புகளை அதில் வைக்க வேண்டாம், உதவி எண்ணை வேறொருவர் போனிலிருந்து அழையுங்கள். இந்தத் தளத்தின் மின்னஞ்சல் அறிவிப்பையும் இப்போதே நிறுத்திவிடுங்கள். பதில் போட வேண்டும் என்று அவசரமில்லை. இன்று இரவு வீட்டில் இருப்பது பாதுகாப்பாகப் படுகிறதா என்று மட்டும் யோசியுங்கள். இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.