தால் மாதிரி விளையாடுற ஆக்களிட்ட மாட்டின அனுபவம் இருக்கா? திருகோணமலை செஸ் ஆக்கள் வாங்கோ

உவர்மலைப் பெடியன்:

கனநாளா கேக்கோணும் எண்டு நினைச்சது. முந்தின உலக செஸ் சாம்பியன் மிக்கைல் தால் விளையாடின மாதிரி, அதாவது குதிரையையோ கோட்டையையோ சும்மா தூக்கித் தந்திட்டு "இப்ப யோசியும் பாப்பம்" எண்டு பேசாம இருக்கிற ஆக்கள், அப்பிடி ஆரிட்டயாவது நேர மாட்டினனீங்களா? வெண்டதோ தோத்ததோ பரவாயில்ல, எழுதுங்கோ. ஓன்லைன்ல விளையாடினதும் சரி, ஆனா செஸ் போட்டுக்கு முன்னால ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருந்து விளையாடின கதை எண்டா இன்னும் நல்லம்.

முதல் நானே சொல்லுறன். துறைமுகத்தில வேலை செய்து பென்சன் எடுத்த ஒரு அங்கிள், பின்னேரம் வெயில் தாழ உட்துறைமுக வீதிப் பக்கம் போட்டை விரிச்சிட்டு இருப்பார், ஆர் வந்தாலும் ஒரு கேம். நான் அப்ப ஓ.எல் படிக்கிறன், பள்ளிக்கூட டீம்ல முதலாம் போட், தலைக்கனமும் இருந்தது. நான் கறுப்பு, சிசிலியன் ஓப்பினிங். கனக்கக் காய் நகத்தேல்ல, என்ட ராஜா இன்னும் ஈ8லதான், அடுத்த மூவ் காஸ்லிங், ராஜாவைக் கோட்டையோட மூலைப் பக்கம் ஒதுக்கிறது, எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன், அந்தாள் குதிரையைத் தூக்கி டி5ல வச்சார். என்ட ஈ6 சிப்பாய்க்கு நேர சாப்பாடு. நான் ரெண்டு தரம் பாத்தன், ஒரு பொறியும் தெரியேல்ல, வெட்டினன். அவர் ஈ4ல நிண்ட சிப்பாயால திருப்பி வெட்டினார், வெட்டின உடன அதுவே செக். ஏன் எண்டா ஈ1ல அவரிட கோட்டை எப்பவோ வந்து நிக்குது, அதை நான் கணக்கிலயே எடுக்கேல்ல. சரி எண்டு பிஷப்பை ஈ7ல வச்சு மறைச்சன். இப்ப அந்தப் பிஷப் அசையேலாது. மற்றக் குதிரை டி4ல இருந்து எஃப்5க்கு வந்து அதே பிஷப்பைக் குத்துது, ஜீ7 சிப்பாயையும் குத்துது. அந்தக் குதிரையை வெட்டலாம் எண்டா என்ட வெள்ளைக் கட்டப் பிஷப்பை நான் முந்தியே பி7ல வடிவா கொண்டுபோய் வச்சிட்டன், அங்கயிருந்து எஃப்5 தெரியாது. ஒரு குதிரைக்கு ஒரு சிப்பாய்தான் அவருக்குக் கிடைச்சது, ஆனா என்ட ஆள் எல்லாம் ஒரு மூலையில நிண்டு பாத்துக்கொண்டு நிக்குது, கேம் முடிஞ்சுது.

முடிஞ்ச பிறகு அவர் கேட்டது ஒரே கேள்விதான், "தம்பிக்கு தால் தெரியுமோ?" எண்டு. அண்டைக்குத்தான் முதல் முதலா அந்தப் பேரைக் கேட்டனான். ரீகாவில 1936ல பிறந்த ஆள், வலது கையில மூண்டு விரல்தான், சின்ன வயசில இருந்தே கிட்னி வருத்தம், 23 வயசில உலக சாம்பியன், இவ்வளவும் அவர் பிளேன்ரீ குடிச்சு முடிக்க முந்திச் சொல்லிப்போட்டார்.

கப்பல்துறை:

அண்ணை கதை சூப்பர். ஆனா ஒண்டு சொல்லோணும் கோவிக்காதேங்கோ. எல்லாரும் தால் எண்டா மந்திரவாதி மந்திரவாதி எண்டு கொண்டாடுறீங்கள், நான் 1960 உலக சாம்பியன்சிப் மாட்ச்சிட 6ஆவது கேமை ஸ்டொக்ஃபிஷ் எண்ட கம்பியூட்டர் செஸ் புரோகிராம்ல போட்டுப் பாத்தனான். அப்ப சாம்பியனா இருந்த பொட்வின்னிக் வெள்ளை, தால் கறுப்பு, கிங்ஸ் இந்தியன் ஓப்பினிங். 21ஆவது மூவ்ல தால் குதிரையை எஃப்4ல கொண்டுபோய் வைக்கிறார், சும்மா, சிப்பாய் வெட்டுற இடத்தில. சனம் போட்ட சத்தத்தில நடுவர்மார் கேமை உள்அறைக்கு மாத்தவேண்டி வந்ததாம். சரி, சத்தம் போடட்டும். ஆனா 25ஆவது மூவ்ல பொட்வின்னிக் கோட்டையால ராணியை வெட்டினார். அதை விட்டிட்டு பிஷப்பால எஃப்3 சிப்பாயை வெட்டியிருந்தா தாலிட பாடு கஷ்டம். அப்ப அந்த குதிரை பலி பிழையான மூவ்தானே? பிழையான மூவ் போட்டு வெண்டதை ஏன் படைப்பாற்றல் எண்டு சொல்லுறம்?

என்ட அனுபவம், கம்பஸ்ல ஹொஸ்டல் ரூம்ல ஒரு பெடியன் இருந்தவன், எந்தக் கேமிலயும் ஒரு காயைத் தூக்கிக் குடுக்காட்டி அவனுக்கு நித்திரை வராது. ஆளுக்கு அரை மணித்தியாலம் வச்சு விளையாடினா நான்தான் வெல்லுவன், நிதானமா ஒவ்வொண்டாப் பாத்து, குடுத்ததை எல்லாம் எடுத்துப்போட்டு, ராணியை மாத்திப்போட்டு, சிப்பாயை ஓட்டி வெல்லலாம். 3 நிமிச பிளிட்ஸ் எண்டா மட்டும் அவன்ட கை ஓங்கும். 3 நிமிசத்தில ஒருக்காலும் நான் அவனை நிம்மதியா வெண்டது இல்ல.

உவர்மலைப் பெடியன்:

கப்பல்துறை நீங்க எழுதின கடைசி ரெண்டு வரியிலயே நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கு 😄

கணக்கு ரீச்சர்:

வணக்கம் எல்லாருக்கும். நான் விளையாடுறது குறைவு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போட்டிகளுக்குப் போறதுதான் என்ட வேலை. வலய மட்டப் போட்டி ஒண்டு, பெரிய ஹோல், ஃபேன் பாதி ஓடேல்ல, வேர்வை. என்ட மாணவன் தரம் 10, நல்லா ஓப்பினிங் பாடமாக்கி வந்த பிள்ளை. எதிரில மூதூர்ப் பக்கத்தில இருந்து வந்த ஒரு பிள்ளை, தரம் 8 இருக்கும், சிலேட் குச்சி மாதிரி மெலிஞ்ச உடம்பு. நடுவிளையாட்டில அந்தப் பிள்ளை கோட்டையை எடுத்து இவன்ட காஸ்லிங்குக்கு முன்னால நிண்ட சிப்பாயில மோத விட்டுது. மோதவிட்டு, கிளாக்கை அமத்திட்டு, எழும்பிப் போச்சுது! வெளியில பைப்படிக்குப் போய் தண்ணி குடிச்சிட்டு, முகத்தைக் கழுவிட்டு, வாசல்ல நிண்டு மற்ற போட்களைப் பாத்துக்கொண்டு நிக்குது. இவன் தனியா இருக்கிறான். வெட்டவா விடவா எண்டு கையைக் கொண்டு போறான், திருப்பி எடுக்கிறான், கொண்டு போறான், எடுக்கிறான். அந்த ஒரு மூவுக்கே அவன்ட மிச்ச நேரத்தில பாதிக்கு மேல போட்டுது. பேந்து வெட்டினான். சரியான முடிவு. ஆனா அதுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு மூவும் அதே மாதிரி கேள்வி, அவனிட்ட நேரம் இல்ல, கிளாக்ல நேரம் முடிஞ்சு கொடி விழுந்துது, தோல்வி. விழேக்க அவன்ட பக்கம் ஒரு முழுக் கோட்டை கூட.

வீட்ட போய் போட்ல அடுக்கிப் பாத்தன், இவன் பக்கம் நல்ல வழி ஒண்டு இருந்தது. ஒண்டே ஒண்டு. மற்ற மூண்டு வழியும் தோல்வி. கப்பல்துறைத் தம்பி, உங்கட கம்பியூட்டருக்கு அந்த ஒரு வழி கண் மூடி முழிக்க முந்தித் தெரியும், அந்த ஹோல்ல இருந்த பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்? தால் பொட்வின்னிக்கிட்டயும் கேட்டது அந்தக் கேள்விதான் எண்டு நான் நினைக்கிறன். மூவ் சரியா பிழையா எண்டது இரவு வீட்ட போய்ப் பாக்கிற விசயம், கிளாக் ஓடேக்க ஆர் கண்டுபிடிக்கப்போறீங்கள் எண்டதுதான் அவர் கேட்டது.

இன்னொரு விசயம், தால் கேம் ஒண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டினன், காட்டினதுதான் தாமதம், அடுத்த கிழமை எல்லாரும் காயைத் தூக்கி எறியத் தொடங்கிட்டினம். குதிரை போகுது பிஷப் போகுது, ஒண்டும் நடக்கேல்ல. பிள்ளைகளை இருத்தி வச்சுக் கேட்டன், தால் குடுக்க முந்தி அவரிட மற்றக் காய் எல்லாம் எங்க நிண்டது எண்டு பாத்தனீங்களோ? தாக்கப் போற பக்கத்தில அவருக்கு எத்தினை ஆள், எதிரிக்குக் காவல் எத்தினை ஆள், எண்ணுங்கோ. அநேகமா ராணி, ரெண்டு பிஷப், ஒரு கோட்டை எல்லாம் ரெடி, எதிரியிட ஆள் எல்லாம் மற்றப் பக்கம் மேயுது. அதுக்குப் பிறகுதான் குதிரை போகும். உங்கட குதிரை போகேக்க கோட்டை ரெண்டும் வீட்ட நித்திரை.

கப்பல்துறை:

ரீச்சர் அது சரி, அதை ஏற்கிறன். ஆனா அப்ப அவர் எல்லாம் கணக்குப் பாத்துத்தான் குடுத்தார் எண்டா மந்திரம் எங்க?

கணக்கு ரீச்சர்:

எல்லாம் கணக்குப் பாக்கேல்ல எண்டு அவரே சொல்லியிருக்கிறார். சோவியத் சாம்பியன்சிப்ல வாசியுகோவோட ஒரு கேம், குதிரையைப் பலி குடுக்கிறதா இல்லையா எண்டு யோசிக்கேக்க கிளை கிளையா வழி வந்து தலைக்குள்ள குழம்பிப்போச்சாம். அந்த நேரம் பாத்து, சதுப்பில மாட்டின நீர்யானையை எப்பிடி வெளியில இழுக்கிறது எண்ட ஒரு ரஷ்யச் சிறுவர் பாட்டு ஞாபகம் வந்திட்டுது. அவர் போட்டை மறந்து ஜாக், நெம்புகோல், ஹெலிகொப்டர், கயித்து ஏணி எல்லாம் போட்டு யோசிச்சு, ஒண்டும் சரிவராம, கடைசியில சரி தாழட்டும் எண்டு விட்டிட்டாராம். திரும்பிப் போட்டைப் பாத்தா அவ்வளவு சிக்கலாத் தெரியேல்ல, மனசு சொன்னபடி குதிரையைக் குடுத்திட்டார், வெண்டிட்டார். அடுத்த நாள் பேப்பர்ல, தால் 40 நிமிசம் கவனமாக் கணிச்சு மிகத் துல்லியமான பலியைக் குடுத்தார் எண்டு போட்டிருந்ததாம். இந்தக் கதையை வகுப்பில சொல்லி நான் பட்ட பாடு, பிறகு ஒவ்வொரு பெடியனும் நேரம் போனதுக்கு நீர்யானையைச் சாட்டுறான்.

கிண்ணியா நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கிண்ணியாவுக்குப் பாலம் வர முந்தி பாதையில, அதாவது ஆக்களை ஏத்தி இறக்கிற மிதவையில, போய் வந்த ஆக்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் போன பாதை திரும்பி வரும் வரைக்கும் கரையில நிக்கோணும். என்னட்ட ஒரு சின்னக் காந்த செஸ் போட் இருந்த, காய் விழாது, அதால காத்தடிச்சாலும் விளையாடலாம். ஒரு மீன் வியாபாரி, படிப்பு பெரிசா இல்ல, தால்ட பேரைக் கேட்டே இருக்கமாட்டார், மனிசன் விளையாடுறது எல்லாம் அந்த ஸ்டைல்தான். ஓப்பினிங் எண்டு ஒண்டும் தெரியாது, ஆனா உங்கட ராஜா நடுவில நிண்டா மோப்பம் பிடிச்சிருவார், எதையாவது குடுத்துத் திறந்திருவார்.

நான் அவரிட்ட கொஞ்ச நாள் செமையா வாங்கிக் கட்டிப்போட்டு ஒரு வழி பிடிச்சன். அவர் தாறதை எடுப்பன், எடுத்ததை வச்சிருக்கமாட்டன். அடுத்த ரெண்டு மூண்டு மூவுக்குள்ள ஒரு நல்ல சாட்டுப் பாத்து திருப்பிக் குடுத்திருவன், குடுத்து ராணியை மாத்திருவன். ராணி போனா மனிசனுக்கு விளையாட்டே அலுத்திரும், "என்ன நானா, இப்பிடிக் கஞ்சத்தனமா விளையாடுறீங்க" எண்டு ஏசுவார். பிறகு பெரிய ஆக்கள்ட மாட்ச் பாக்கேக்கதான் தெரிஞ்ச, 1961 மறுமாட்ச்ல பொட்வின்னிக்கும் அந்த வழிக்குத்தான் வந்திருக்கார். ராணியை மாத்துறது, எண்ட்கேமுக்கு இழுக்கிறது. 13க்கு 8 எண்டு பட்டத்தைத் திருப்பி எடுத்திட்டார். தாலுக்கு அப்ப கிட்னி வருத்தம் கூட எண்டும் சொல்லுவாங்க, அதையும் சொல்லாம விடேலாது.

பயப்பட்டாலும் தோல்விதான், அதையும் எழுதோணும். 1959 கேண்டிடேட்ஸ்ல, அதாவது உலக சாம்பியனோட மோதப்போற ஆளைத் தெரிவு செய்யிற போட்டியில, பென்கோ எண்ட கிராண்ட்மாஸ்டர், தால் உத்துப் பாக்கிறதில ஏதோ வசியம் இருக்கு எண்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருக்கார். தாலும் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்து விளையாடினார். பகிடி தெரிஞ்ச ஆள். அதே போட்டியில 16 வயசு ஃபிஷரை நாலு கேமும் நாலுக்கு நாலு.

உவர்மலைப் பெடியன்:

நானா அந்த மீன் வியாபாரி கதை தனியா ஒரு நாள் முழுசா எழுதோணும் நீங்க.

கப்பல்துறைக்கு ஒண்டு மட்டும். எனக்கு நடந்த அந்த டி5 குதிரைக் கதை இருக்கே, பேந்து ஏ.எல் முடிச்சு சும்மா இருந்த காலத்தில 1965 தால் - லார்சன் மாட்ச்சிட 10ஆவது கேமைப் போட்ல அடுக்கேக்க திடுக்கிட்டுப் போனன், அதே சிசிலியன், 16ஆவது மூவ் அதே குதிரை, அதே டி5. மாட்ச் நாலரை நாலரை எண்டு சமனா நிக்குது, கடைசிக் கேம், மற்ற ஆர் எண்டாலும் பத்திரமா விளையாடுவினம், இந்தாள் குதிரையைக் குடுக்கிறார். லார்சன் என்னைப் போல இல்ல, காஸ்லிங் செய்து பாதுகாப்பாத்தான் நிண்டவர். வெட்டினார். ஒரு மூவ்ல மேட்டும் இல்ல, திருப்பி எடுக்க வழியும் இல்ல, குதிரை போனது போனதுதான். தாலுக்குக் கிடைச்சது ஈ லைனும், ராஜாப் பக்கம் பாக்கிற ரெண்டு பிஷப்பும். 37ஆவது மூவ்ல முடிஞ்சுது. அந்தப் பலி சரியா எண்டு பெரிய பெரிய ஆக்கள் வருசக்கணக்கா அடிபட்டவை. எனக்கு அதில பிடிச்சது வேற, போட்டைப் பாத்து இதில குதிரையை டி5ல வைக்கலாம் எண்டு நினைக்கவே ஒரு மூளை வேணும், எங்களுக்கு அந்த மூவ் வெட்டுப்படுற மூவ் எண்டு முதல் செக்கனிலயே கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். சரி பிழை அதுக்குப் பிறகுதான். அதைத்தான் நான் படைப்பாற்றல் எண்டு சொல்லுறன்.

கப்பல்துறை:

லார்சன் கேம் நான் பாக்கேல்ல, இண்டைக்கு இரவு பாக்கிறன். ஸ்டொக்ஃபிஷ் இல்லாம, சும்மா போட்ல. அந்த அங்கிள் இப்பவும் வாறவரோ?

உவர்மலைப் பெடியன்:

வாறவர், கண் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு, பெரிய காய் செட்தான் வேணும். ஞாயிறு பின்னேரம் வாங்கோ, 3 நிமிசம் எல்லாம் சரிவராது, அவர் ஆளுக்கு 15 நிமிசம் கேப்பார். ஆரிட்டயாவது நல்ல கிளாக் இருந்தா கொண்டுவாங்கோ, என்ட கிளாக்ல கறுப்புப் பக்கப் பட்டன் இறுகிப்போச்சு, கறுப்பு விளையாடுற ஆள் ரெண்டு தரம் குத்தவேண்டியிருக்கு.

கிண்ணியா நானா:

கிளாக் என்னட்ட இருக்கு. ராணியை மாத்தக் கூடாது எண்டு சட்டம் மட்டும் போட்டிராதீங்க.